கிருபா அவென்யூவின் உலகப் பிரதிநிதி

அசரியா சார் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தரையில் நட்டிருக்கும் பிவிசி குழாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஒன்றை விட்டு, அதன் மேல் நுனியை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கல்லூரிக்குப் புறப்பட்ட கோலம். முழுக்கைச் சட்டை, இன் பண்ணிய பேண்ட், கழுத்தில் அடையாள அட்டை. அட்டை தொங்கித் தொல்லை கொடுக்காமல் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். ஊதுவார், நிறுத்துவார், டியூபை இன்னும் கொஞ்சம் இறக்குவார், காதைச் சாய்ப்பார், மறுபடி ஊதுவார். குழாய்க்குள்ளிருந்து களக் களக்கென்று சத்தம் வந்ததும் முகம் மலர்ந்துவிடும். டியூபின் கீழ் நுனி தண்ணீரைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். டியூபில் மார்க்கர் பேனாவால் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்து, தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று போனில் தட்டுவார். பிறகு எழுந்து முழங்காலில் ஒட்டிய கறுப்புச் சேற்றைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுப்பார்.

இது எங்கள் கிருபா அவென்யூவின் கோடியில் அன்றாடம் நடக்கிற காட்சி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வாலை வெட்டி மனை போட்டு விற்ற புண்ணியவான், சட்டப்படி பூங்காவுக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டுமே என்று, இருப்பதிலேயே பள்ளமான மூலையைப் பார்த்து ஒதுக்கினார். அது ஒரு வருடமும் முழுசாகக் காயவில்லை. அதனால் பூங்காவும் வரவில்லை. கோரையும் தாழைக்கோழியும் அசரியா சாரின் குழாயும்தான் அங்கே இருக்கின்றன.

ஊதுகிற மனிதரைப் பார்த்துவிட்டுச் சும்மா போக யாருக்கு மனசு வரும்? ஒரு நாள் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கியே வந்துவிட்டார்.

“இன்னா சார், உள்ள பாம்பு கீதா?”

“இல்லப்பா. வாட்டர் லெவல் பாக்கறேன். உலகம் பூரா இந்த மாதிரி பாக்கறாங்க.”

“உலகம் பூரா இப்டி ஊதிகினா கீறாங்க?”

“ஆமா.”

“செம பேஜார் சார்,” என்று உண்மையான அனுதாபத்தோடு சொல்லிவிட்டு அவர் போனார். இன்னொருவர் இவரை நீரோட்டம் பார்க்கிறவர் என்றே முடிவு கட்டி, “நம்ம வூட்ல போர் போடணும் சார், ஒரு தபா வந்து ஊதிட்டுப் போங்க” என்று தேங்காய் பழத்தோடு வந்து நின்றதாகவும் கேள்வி.

அசரியா சாருக்குத் தொழில், குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் பாடம் எடுப்பது. எல்லாப் பிரிவு மாணவர்களும் கட்டாயம் படிக்க வேண்டிய பாடம் என்பதால் எந்தப் பிரிவு மாணவனும் படிக்காத பாடம். அவருடைய வகுப்பில்தான் மற்ற எல்லாப் பாடங்களின் ரெக்கார்டு வேலையும் நடந்து முடியும். அதில் அவருக்கு வருத்தமில்லை. “பசங்க அமைதியா இருக்காங்கல்ல, அது போதும்” என்பார். அவருடைய மனசு கல்லூரியில் இல்லை. அது கறுப்பு மண்ணில் இருந்தது.

அந்த மண் அவரைத் தேடி வந்த கதை இப்படி. மனை வாங்கி வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது, மண்வெட்டியில் கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை வாடையோடு, வேரும் நாரும் பின்னிக்கொண்டு ஒரு சேறு வந்தது. வேறு யாராக இருந்தாலும் புரோக்கரைத் தேடிப் போயிருப்பார்கள். இவர் ஒரு பிடியை எடுத்துக் காயவைத்துக் கொளுத்திப் பார்த்தார். அது நின்று நிதானமாகப் புகைந்தது. அன்றிலிருந்து அவர் வேறு மனிதர். குளிர்தேசங்களில் பீட் என்கிறார்களே, அதுதான் இது என்று அவருக்குப் பட்டது. செத்துப்போன செடிகொடிகள் தண்ணீருக்குள் மூச்சுமுட்டி, மக்கவும் முடியாமல் மிஞ்சவும் முடியாமல் பல நூறு வருடம் கிடந்து கறுத்துப்போன மண். உலகத்துக் காடுகள் எல்லாம் சேர்ந்து பிடித்துவைத்திருப்பதைவிட அதிகமான கரியை இந்த மண் தனக்குள் அடக்கிவைத்திருக்கிறதாம். தண்ணீர் இருக்கிறவரை அடக்கிவைத்திருக்கும். தண்ணீரை வடித்துவிட்டால் காய்ந்து, சுருங்கி, வைத்திருந்ததையெல்லாம் காற்றில் விட்டுவிடும். அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் அது பழைய மண் ஆகாது.

இதைப் படம் பிடித்து, பீட் நிலங்களுக்கென்று இருக்கிற ஒரு சர்வதேச அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பின்லாந்திலிருந்து ஐனோ என்ற அம்மையார் ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தார்: இன்டரஸ்டிங். அந்த நாட்டுக்காரர்கள் எதற்கெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்று அசரியா சாருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அவர் குழாய் வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

எட்டு வருடமாக அவர் அந்த அமைப்பின் உள்ளூர்ப் பிரதிநிதி. உள்ளூர் என்றால் கிருபா அவென்யூ. வாட்ஸப் குழு ஒன்று உண்டு. அதில் காங்கோக்காரர் ஒருவர், ஒரு சிறு நாடே அடங்கிவிடுகிற அளவு பரப்புள்ள நிலத்தைப் பற்றித் தகவல் போடுவார். அதற்குக் கீழே நம்மவர், ஒரு வாலிபால் மைதானம் போடக் கொஞ்சம் குறைகிற தம்முடைய நிலத்தைப் பற்றி, “இந்தியா: மைனஸ் நான்கு சென்டிமீட்டர், நிலைமை கட்டுக்குள் உள்ளது” என்று போடுவார். ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கட்டைவிரல் வரும். அன்றைக்கு அவர் நடையே வேறு மாதிரி இருக்கும். அது உண்மையில் பீட் தானா, வெறும் சதுப்புச் சேறா என்று அமைப்புக்குள் இன்னமும் தகராறு தீரவில்லை. தீர்மானிக்க ஒரு குழு, குழுவின் அறிக்கையைப் பரிசீலிக்க ஒரு துணைக்குழு, துணைக்குழு எந்த நாட்டில் கூடுவது என்று முடிவு செய்ய இன்னொரு குழு. அதுவரைக்கும் உலக வரைபடத்தில் சென்னைக்குத் தெற்கே கேள்விக்குறியோடு ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எனக்குக் காட்டியிருக்கிறார். கடைசியில் திரை முழுக்கப் புள்ளிதான் இருந்தது.

ஆன்லைன் கூட்டங்களில் கலந்துகொண்டு கலந்துகொண்டு அவருடைய வாய்மொழியே மாறிவிட்டது. அங்கே யார் எதைச் சொன்னாலும், ‘பாராட்டுடன் குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

“ஏங்க, ஹால்ல டைல்ஸ் இடுக்குல தண்ணி கசியுதுங்க.”

“நோட்டட் வித் அப்ரிசியேஷன்.”

சாரின் மனைவி ஜெரூஷா அக்கா தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. வகுப்பில் எழுபது பிள்ளைகளைப் பார்வையாலேயே உட்காரவைப்பவர். “அப்ரிசியேஷன் எல்லாம் இருக்கட்டும். மாப்ப எடுங்க” என்பார். சார் எடுப்பார்.

அந்த வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தெருவின் கடைசி வீடு, பூங்காப் பள்ளத்தை ஒட்டிய வீடு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்தது. சாலை உயர உயர, மற்றவர்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டார்கள். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ராஜகோபாலன், நான்கடி தூக்கிவிட்டார். இப்போது அவர் வீட்டுக்குக் காபி குடிக்கப் போவதென்றால் மலை ஏறுகிற மாதிரி படி ஏற வேண்டும். அசரியா சாரும் ஆள் கூப்பிட்டார். அவர்கள் இரண்டு ஜாக்கியை வைத்து முடுக்கியதும் வீடு மேலே வருவதற்குப் பதிலாக ஜாக்கி கீழே போனது. “சார், கீழ மண்ணே இல்ல சார். அல்வா மாதிரி கீது” என்று சொல்லிவிட்டு, ஜாக்கியைத் தோண்டி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். ஜெரூஷா அக்கா வாசலில் உட்கார்ந்து அழுதார். சாருக்கு உள்ளூரச் சந்தோஷம். அடியில் எவ்வளவு ஆழத்துக்குக் கறுப்பு மண் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி ஏது? ஜாக்கி புதைந்த படம் வாட்ஸப் குழுவுக்குப் போனது. ஐந்து கட்டைவிரல்கள் வந்தன. அக்கா அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை.

ஆக, கார்த்திகை மாதத்து மழையில் தெருவிலேயே தண்ணீர் புகுகிற வீடு இப்போது அது ஒன்றுதான்.

இனி அவருடைய இன்னொரு முகம். அசரியா சார்தான் எங்கள் சங்கத்தின் செயலாளர். சர்ச் சபையிலும் கமிட்டி மெம்பர். சின்ன வயதிலிருந்தே கமிட்டிகளில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதை முன்மொழிந்தாலும், வாக்கியம் முடிவதற்குள் “வழிமொழிகிறேன்” என்று கை தூக்கிவிடுவார். முன்மொழிந்தவரைத் தனியாக நிற்கவிடக் கூடாது என்கிற நல்ல குணம்தான். ஒரு முறை சங்கக் கூட்டத்தில் ஒருவர், “செயலாளர் சரியாக வேலை செய்வதில்லை என்று...” என்று ஆரம்பித்தபோதுகூட இவர் கை தூக்கியதை நானே பார்த்தேன்.

செயலாளர் என்ற முறையில் அவர் எட்டு வருடமாக விடாமல் செய்த வேலை ஒன்றுதான். பூங்காப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரை வடிக்க மழைநீர்க் கால்வாய் வெட்டித் தர வேண்டும் என்று மனு போடுவது. அதே எட்டு வருடம், பிரதிநிதி என்ற முறையில், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் வடியாமல் பாதுகாக்கப்பட வேண்டும் என்று சர்வதேச அமைப்புக்கு அறிக்கை போட்டார். ஒன்று ஜெரூஷாவுக்காக, இன்னொன்று தனக்காக. இரண்டையும் ஒரே மேஜையில், ஒரே கணினியில், சில சமயம் ஒரே மாலையில் எழுதியிருக்கிறார்.

“எப்படி சார் மனசு வருது?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“நீங்க ஏன் பயப்படறீங்க? மனு போட்டா கால்வாய் வந்துடுமா? ரிப்போர்ட் அனுப்பிச்சா பிளேன் ஏறி வந்துடுவாங்களா?” என்று சிரித்தார்.

இரண்டுமே நடக்காது என்ற பலமான நம்பிக்கையில்தான் அவர் இரண்டையும் இத்தனை ஒழுங்காகச் செய்துவந்தார். நம் உள்ளாட்சியையும் உலக ஒத்துழைப்பையும் அவரளவுக்குச் சமமாக எடைபோட்டவர்கள் குறைவு.

இந்த வருடம் இரண்டும் நடந்துவிட்டன.

முதலில் கால்வாய் வந்தது. தேர்தல் நெருங்கியதாலோ என்னவோ, ஒரு நாள் காலையில் பொக்லைன் இயந்திரம் வந்து நின்றது. வெட்டினார்கள், கம்பி கட்டினார்கள், கான்கிரீட் போட்டார்கள். பூங்காப் பள்ளம் கால்வாயைத் தொடுகிற இடத்தில் இரும்பு ஷட்டர் ஒன்றும், அதைத் தூக்கி இறக்க ஒரு சக்கரமும் வைத்தார்கள். ஷட்டரைத் தூக்கினால் பள்ளத்துத் தண்ணீர் முழுக்கக் கால்வாய்க்குப் போய்விடும். இறக்கினால் பழையபடி பள்ளத்திலேயே நிற்கும், மழை கூடினால் கடைசி வீட்டு ஹாலுக்குள் எட்டிப்பார்க்கும். ஜெரூஷா அக்கா தெருவிலுள்ள எல்லார் வீட்டுக்கும் கேசரி கொடுத்தனுப்பினார். “இந்த வருஷமாவது கிறிஸ்மஸ் ட்ரீய ஹால்ல வைக்கலாம்” என்று என் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னாராம்.

அடுத்து மின்னஞ்சல் வந்தது. அமைப்பைச் சேர்ந்த இரண்டு பேர், பின்லாந்து ஐனோ அம்மையாரும் இந்தோனேசியாவின் ஹர்யோனோ என்பவரும், பெங்களூரில் ஏதோ மாநாட்டுக்கு வருகிறார்கள். அப்படியே ஒரு நாள் சென்னைக்கு வந்து, புள்ளியை நேரில் பார்த்து, கேள்விக்குறியை எடுப்பதா புள்ளியையே எடுப்பதா என்று முடிவு செய்யப்போகிறார்கள்.

சங்கக் கமிட்டி அவசரமாகக் கூடியது. ராஜகோபாலன் சார் தொண்டையைக் கனைத்தார்.

“ஃபாரின்லேந்து வராங்க. கவுன்சிலரும் கால்வாயத் திறக்க டேட் கேட்டுண்டே இருக்கார். ரெண்டுக்கும் அதே ஷாமியானா, அதே சேர், அதே மைக். அதனால வந்தவாள வெச்சே கால்வாய் திறப்பு விழாவையும்...”

“வழிமொழிகிறேன்,” என்றார் அசரியா சார். கை மேலே போன பிறகுதான் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். கை அங்கேயே நின்றது. மற்றவர்கள் கைதட்டி முடித்து, டீயும் சமோசாவும் வந்த பிறகுதான் அதைக் கீழே இறக்கினார்.

விழாவுக்கு முந்தைய நாள் மாலை அவரைப் பள்ளத்தோரம் பார்த்தேன். ஊதவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். மழை பெய்து தண்ணீர் நிரம்பி, கோரைகள் கழுத்துவரை மூழ்கி நின்றன.

“சொல்லிடலாமே சார். இந்த ஷட்டரத் தொறக்க வேணாம்னு.”

“யார்கிட்ட சொல்றது? ராஜகோபாலன் சார்கிட்டயா? எட்டு வருஷமா மனு போட்டது யாருன்னு கேப்பாரு. ஜெரூஷாகிட்டயா?” கைக்கெட்டிய கோரை ஒன்றைத் தடவினார். “இதத் தொறந்தா பத்தே நாள்ல காஞ்சுடும். அப்புறம் நான் எவ்ளோ ஊதினாலும் பிரயோஜனம் இல்ல. நம்ம தாத்தனுக்குத் தாத்தன் பொறக்கறதுக்கு முன்னாடி மொளச்ச கோரை சார், இன்னும் நார் நாரா உள்ள இருக்கு. என் கையால அத...” என்று நிறுத்திவிட்டு, எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டார். அவரைக் கேலி பேசியே பழகிவிட்டவன் நான். அன்றைக்கு அந்த மனிதரைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

மறுநாள் ஷாமியானா கட்டியாகிவிட்டது. ‘கால்வாய் திறப்பு விழா மற்றும் சர்வதேச ஈர நிலப் பாதுகாப்பு விழா’ என்று ஒரே ஃபிளெக்ஸ். மேலே கவுன்சிலர், பக்கத்தில் ராஜகோபாலன் சார். கீழே ஓர் ஓரத்தில், எங்கிருந்தோ எடுத்துப் போட்ட பனிக்கரடி. விருந்தாளிகள் வேனிலிருந்து இறங்கியதும் ஒரு நாகஸ்வரம், இரண்டு பொன்னாடை, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். ஐனோ அம்மையார் ஆறடி உயரம். பொன்னாடை அவருக்கு முழங்கைவரைதான் வந்தது. பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் விழா முடியும்வரை கையிலேயே வைத்திருந்தார். குழாயைப் பார்க்கலாமா என்று கேட்டார். நிகழ்ச்சி நிரலில் குழாய், நன்றியுரைக்கு அப்புறம் இருந்தது.

மொழிபெயர்ப்பு அசரியா சார் பொறுப்பு.

ராஜகோபாலன் சார் மைக்கைப் பிடித்தார். “இன்னியோட நம்ம நகர்ல தண்ணி தேங்கற பிரச்சனைக்கு முற்றுப்புள்ளி! இனிமே இங்க ஒரு சொட்டு நிக்காது!” கைதட்டல் ஷாமியானாவைத் தூக்கியது. அசரியா சார் விருந்தாளிகள் பக்கம் திரும்பி, தண்ணீர் எங்கள் மக்களுக்கு மிக முக்கியமான விஷயம் என்று சொல்கிறார் என்றார். அவர்களும் தட்டினார்கள்.

அடுத்து ஹர்யோனோ எழுந்தார். அவர் ஆங்கிலத்தில் உருக்கமாகப் பேசினார். எங்கள் நாட்டில் பீட் நிலங்களில் ஆயிரக்கணக்கான கால்வாய்களை வெட்டினோம், தண்ணீர் வடிந்தது, நிலம் பற்றிக்கொண்டது, மாதக்கணக்கில் புகையில் எங்கள் பிள்ளைகள் மூச்சுவிட முடியாமல் கிடந்தார்கள், இப்போது ஊர் ஊராகப் போய் அந்தக் கால்வாய்களை மரத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொண்டிருக்கிறோம், நீங்கள் இந்தத் தண்ணீரைக் காப்பாற்றி வைத்திருப்பதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது என்றார். கூட்டம் அசரியா சாரின் முகத்தைப் பார்த்தது. கவுன்சிலரும் பார்த்தார்.

“உங்க வரவேற்பு ரொம்பப் பிரமாதம்னு சொல்றாரு,” என்றார் சார்.

இதற்கும் நல்ல கைதட்டல். உலக நாடுகளுக்கும் கிருபா அவென்யூவுக்கும் இடையே இதைவிடச் சுமுகமான பேச்சுவார்த்தை எங்கும் நடந்திருக்காது. நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் சாரின் சட்டை முதுகில் முழுக்க நனைந்திருந்தது. அன்றைக்கு வெயிலே இல்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, ராத்திரிக்குக் கனமழை என்று காலையிலேயே செய்தி வந்து வானம் மூட்டமாக இருந்தது.

எல்லாரும் ஷட்டர் பக்கம் போனார்கள். சக்கரத்துக்கு ரிப்பன் கட்டியிருந்தது. ஐனோ அம்மையார் சக்கரத்தைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அசரியா சார் பக்கம் குனிந்து, மெதுவாக, எங்கள் நாட்டிலும் என் அப்பா காலத்தில் இப்படித்தான் திறந்தார்கள், இப்படித்தான் எல்லாரும் கைதட்டினார்கள் என்றார். சாரின் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. குற்றம் சொல்கிற குரல் இல்லை. துக்க வீட்டில் பேசுகிற குரல்.

“என்ன சொல்றாங்க?” என்றார் கவுன்சிலர்.

“வாழ்த்து சொல்றாங்க சார்.”

“சந்தோஷம். சரி, நீங்களே சுத்துங்க. இது உங்க உழைப்பு. நான் பக்கத்துல நிக்கறேன்.”

அசரியா சார் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். புது கிரீஸ், லேசாகச் சுற்றியது. ஷட்டர் தூக்கிக்கொண்டு, பள்ளத்துத் தண்ணீர் கறுப்பாக, நுரையோடு, பெரும் சத்தத்துடன் கால்வாய்க்குள் விழுந்தது. பட்டாசு வெடித்தது. தாழைக்கோழிகள் கோரைக்குள்ளிருந்து எழுந்து பறந்தன. ராஜகோபாலன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருந்தாளிகள் இருவரும் நாகரிகமாகத் தட்டினார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல்.

அப்போதுதான் போட்டோக்காரர் தலையில் கைவைத்தார்.

“சார், சார்! கவுன்சிலர் மூஞ்சி விழல சார். நடுவுல அந்த அம்மா கை வந்துகினு மறச்சிடுச்சி. இன்னொரு தபா சுத்துங்க சார்.”

“ஃபுல்லா திறந்தாச்சேப்பா. இதுக்கு மேல சுத்தாது,” என்றார் சார்.

“அந்தப் பக்கம் சுத்துங்க. எந்தப் பக்கம் சுத்துனாலும் போட்டோல ஒண்ணுதான சார்? கை ஆடணும், அவ்ளோதான்.”

கவுன்சிலர் தலையைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். ராஜகோபாலன் சார் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அசரியா சார் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு சுற்றத் தொடங்கினார். கேமரா பளிச்சிட்டது.

“சூப்பர் சார். போதும் சார்.”

சார் நிறுத்தவில்லை. முகத்தில் போட்டோவுக்கான சிரிப்பு அப்படியே இருந்தது, கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. கவுன்சிலர் காரைப் பார்க்க நடந்துவிட்டார். பின்னால் பிரியாணிப் பொட்டலங்கள் வந்து இறங்க, கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. தண்ணீர்ச் சத்தம் குறைந்து, மெலிந்து, நின்றுபோனது. கிருபா அவென்யூவில் என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஹர்யோனோ ஒருவர்தான் கைதட்டினார். இந்த முறை வேகமாக, பொன்னாடை நழுவி விழுகிற அளவுக்கு.

பிள்ளைகள் விளையாடிவிடக் கூடாது என்று ஷட்டருக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கிவைத்திருந்தார்கள். செயலாளர் என்ற முறையில் அசரியா சாரே பூட்டினார், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதை வாங்க வேண்டுமென்றால் கமிட்டி கூட வேண்டும். கூடினால் முன்மொழியலாம், ஆனால் வழிமொழிய ஆள் தேட வேண்டியிருக்கும்.

வானம் உறும ஆரம்பித்திருந்தது. விருந்தாளிகளுக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டில். வஞ்சிர மீன் குழம்பு வாசனை தெருக்கோடி வரை வந்தது. சார் போனை எடுத்தார்.

“ஜெரூஷா... ஆங், முடிஞ்சுது. நல்லாதான் முடிஞ்சுது. இல்ல... சாப்பாடு ஹால்ல வேணாம்மா. மாடில பாய் போட்டுடு. அப்புறம்... ஃப்ரிட்ஜுக்கு அடில ரெண்டு செங்கல் வெச்சுடலாமா? நான் வந்து தூக்கறேன். ஆமா. ஆமாம்மா, நான்தான். நான்தான் மூடினேன்.”

அதற்குப் பிறகு போனிலிருந்து வந்தது, எழுபது பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்கிற குரல். நான்கடி தள்ளி நின்ற எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அசரியா சார் போனைக் காதிலிருந்து அரையடி தள்ளிப் பிடித்துக்கொண்டார். முதல் தூறல் அவருடைய வழுக்கையில் விழுந்தது. அவர் நகரவில்லை, போனையும் வைக்கவில்லை. அக்கா சொல்லி முடிக்கும்வரை, அந்தப் பக்கம் தெரியாது என்பதையும் மறந்து, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.